ராஜினாமாவில் எழுதாத காரணம்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். முக்காட்டுத் துணியைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டி, அதன் மேல் மில் கொடுக்கும் தொப்பியை மாட்டுவேன். ஒரு முடி வெளியே தெரியாது. புதிதாக வரும் பெண்களிடம், "அந்தக்கா மாதிரி கட்டுங்க, மெஷின் முடியை இழுக்காது" என்று சூப்பர்வைசரே என்னைக் காட்டுவார்.

அந்தத் துணிதான் புது மேனேஜர் வந்த ஒரே மாதத்தில் ஆபத்தாகிப் போனது. "சேஃப்டிம்மா, கழத்திட்டு வாங்க" என்றார். சேஃப்டியாம்! துப்பட்டா தொங்கத் தொங்க மெஷின் பக்கம் வந்துபோகும் ஆபீஸ் பெண்களை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் மாட்டேன் என்றேன். "அப்போ நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நாங்க அனுப்புனா வேற மில்லுல சேக்க மாட்டாவ" என்று ஒரு தாளை நீட்டினார். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று முன்பே அச்சடித்து வைத்திருந்த தாள். கல்யாணமோ பிரசவமோ, எதற்கு நின்றாலும் எங்கள் மில் பெண்கள் அதில்தான் கையெழுத்துப் போடுவார்கள். நானும் போட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். "மதத்தைப் பாத்து ஒதுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா?" என்று கேட்டேன்.

"அரசியல் சட்டம் அரசாங்க வேலைக்குத்தாம்மா நேராப் பேசும். தனியார் மில்லுன்னா, அநியாயமா நீக்கிட்டாவன்னு தொழில் தகராறாக் கொண்டு போகலாம். ஆனா அவிய நீக்கலையே, நீங்கல்லா நின்னுருக்கீக?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேல், என் மேல், மில் கேட் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வரக் கூச்சப்படும் அந்தச் சட்டத்தின் மேல்.

"ராஜினாமாவை ஏத்துக்கிட்டோம்னு லெட்டர் தந்தாவளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இன்னைக்கே வாபஸ் வாங்குங்க" என்று எழுத வைத்தார். அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, நகலோடு அடுத்த நாள் காலை ஷிப்டுக்குப் போனேன்.

மேனேஜர் நகலைப் படித்தார். அதுவரை வாங்க போங்க என்றவர், "வெளிய போ" என்றார்.

"போறேன் சார். முக்காடு போட்டதுக்கு நீக்குறோம்னு எழுதி, சீல் வச்சுக் குடுங்க. இப்பவே போறேன்."

லெட்டர்பேடை இழுத்தார். தேதி போட்டார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பேடை மூடி வைத்துவிட்டு, "பொறவு பாப்போம், போய் வேலையைப் பாரு" என்றார்.

இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். நான் ஜெயித்துவிட்டதாகக் கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் ஆறவில்லை. தன் கையால் ஒரு வரி எழுத அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. என்னை எழுதித் தரச் சொன்னபோது அந்த வெட்கம் எங்கே போயிருந்தது?