பின்னால் மிதித்தால் நிற்காத சைக்கிள்

பத்து பகாட் ஊரில் இன்று ஒரு சைக்கிள் சங்கிலியில் தேங்காயெண்ணெயின் சிக்குவாடை அடிக்க, இப்போது பெட்ரோல் நிலையமாகிவிட்ட யோங் பெங் மேட்டில், சித்தப்பாவின் பழைய தகரக் கொட்டகைக்குள் நினைவில் போய் நின்றுவிட்டேன். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் வேறு எண்ணெய் கிடைக்காததால், அவர் செய்யும் சைக்கிளெல்லாம் அப்படித்தான் நாறும். முன்னால் மிதித்தால் வேகமாக ஓடும். பெடலைப் பின்னால் சுற்றினாலும் சக்கரம் முன்னால்தான், மெதுவாக, கிர்ரென்று, மரவள்ளி மூட்டையோடு மேடேறும். "சைக்கிளுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு லா" என்று வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மதியம் ஒரு ஜப்பான் சிப்பாய் அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டான். அவன் பழகிய சைக்கிளில் பின்னால் மிதித்தால் பிரேக். "பின்னால மிதிச்சா நிக்காது, துவான்" என்று சித்தப்பா மலாயிலும் கையாலும் சொல்லப் போக, அவரை அறைந்துவிட்டு இறக்கத்தில் விட்டவன், கீழே பாலத்துச் சுவரில் மோதிச் செத்தான்.

"ஓடிப் போயிருங்க" என்று சித்தி அழுதார்.

"நான் ஓடுனா உங்கள இழுத்துட்டுப் போவாங்க, புள்ள. இன்னொருத்தன் விழுந்தா தெருவையே கொளுத்திருவாங்க" என்றவர், மிச்ச சைக்கிள்களின் சங்கிலிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற உட்கார்ந்தார். லாரி வந்தபோது கடைசிச் சங்கிலி கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட விடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.