கட்கிக்காரருக்கு நாங்கள் விட்டுக்கொடுத்த முதலிடம்

எங்கள் குழுவில் சண்டை போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் "ஆமாம், இதைத்தான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் மறுப்பை வெளியே எடுக்கலாம். ஏதோ நீதிமன்றத்தில் இருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். கேசட் செருகி ஆடும் பழைய டிவி கேம்களைப் பற்றிப் பேச, நாற்பதும் ஐம்பதும் கடந்த தமிழ் ஆட்கள் போனில் நடத்துகிற குழு அது. பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து. கட்டைவிரல் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்பதுதான் அங்கே அதிகம் அலசப்பட்ட விஷயம்.

இந்த விதியைப் போட்டவர் எங்கள் அட்மின் அம்மா. திருச்சியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மற்ற குழுக்களில் இதே கேம்களுக்காக அப்பா அம்மாவை இழுத்துத் திட்டிக்கொள்வதைப் பார்த்து நொந்துபோய் வந்தவர்களுக்கு, எங்கள் குழு கோயில் குளத்தங்கரை மாதிரி இருக்கும். எல்லோரும் அவ்வளவு முதிர்ச்சி. அந்த முதிர்ச்சியில் கொஞ்சம் தண்ணீர் கலக்க ஒரு ஆள் வேண்டுமே என்று நானாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறையாவது அட்மின் அம்மா, "தம்பி, இது தேவையா?" என்று தனியாகக் கேட்பார். தேவையில்லைதான்.

நான் கோயம்புத்தூர்க்காரன். புனேவில் ஹடப்சரில் குடியிருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை. குழுவில் புனேக்காரர் இன்னும் ஒருவர் இருந்தார், கட்கியில். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இவர் கட்கியிலேயே பிறந்து, இந்தியில் படித்து, எலெக்ட்ரிக் சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் குழுவில் நாங்கள் எழுதுவதையெல்லாம் அவர் மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடி வாசித்துக் காட்டுவார். அந்த அக்கா ஊரில் பத்தாவது வரை தமிழில் படித்தவர். வாழ்நாளில் ஒரு கேம் ஆடியதில்லை. ஆனால் மூன்றாவது கட்டத்து முதலை எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

கட்கிக்காரர் பதிலை வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். பின்னால் குக்கர் விசில், ரயில் சத்தம், யாரோ யாரையோ மராத்தியில் கூப்பிடும் சத்தம், நடுவில் அவர் குரல். "அரே, இன்னா தம்பி, ஹடப்சர்ல தூங்கிக்கினு இருக்கியா? நான் சொன்னதுக்கு ஜவாபே காணோம்." பேசி முடித்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பார். பழைய ஸ்கூட்டர் கிளம்புகிற மாதிரி இரண்டு தடவை இழுத்து, மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். என் ஜோக்குகளுக்கு வீட்டில் கிடைக்காத மரியாதை அந்தச் சிரிப்பில் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், பாதி ஜோக்குகளை அந்தச் சத்தம் கேட்கத்தான் எழுதினேன்.

எங்கள் இருவருக்கும் ஒரு தீராத வழக்கு. ஆற்றில் படகு ஓட்டும் கேம் ஒன்று. பாறை, முதலை, சுழல் என்று வரும், வேகம் கூடிக்கொண்டே போகும், முடிவே கிடையாது. யார் ஸ்கோர் பெரிது என்று குழுவில் ஒரு பட்டியல் வைத்திருந்தோம். டிவி திரையில் ஓடும் ஆட்டம் முழுவதையும் போனில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதில் நான் முதலிடம். என் வாழ்க்கையில் நான் முதலிடம் பிடித்த ஒரே பட்டியல் அதுதான் என்பதால் தினமும் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் கட்கிக்காரர் என்னைத் தாண்டி ஒரு ஸ்கோர் அனுப்பினார். வீடியோவில் பாதி ஆட்டத்தில் பின்னாலிருந்து அக்கா குரல்: "இன்னாங்க, கேஸ்காரன் வந்துக்கிறான்!" இவர் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அமுக்கினார். படகு அப்படியே நின்றது. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினார்.

பாஸ் போட்டால் கைக்கு ஓய்வு கிடைத்துவிடும், அந்த ஸ்கோர் செல்லாது என்றேன் நான். செல்லும் என்றார் அவர். அன்றைக்குத் தொடங்கியது, வருடக்கணக்கில் ஓடியது. விதிப்படி ஒவ்வொரு தடவையும் நான் அவர் வாதத்தைத் திருப்பிச் சொல்வேன், அவர் என் வாதத்தைத் திருப்பிச் சொல்வார். சில சமயம் என்னைவிட அவர் என் கட்சியை நன்றாகச் சொல்லிவிடுவார். "இதத்தான சொல்ற? ஆமான்னு சொல்லு, ஒடைக்கிறேன்." குழுவில் மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக மரியாதையோடு மோதிக்கொள்வார்கள்.

போன மழைக்காலத்தில் அவர் குரல் கரகரத்தது. "ஏசி கடைல உக்காந்தா இப்படித்தான்" என்றார். அப்புறம் தொண்டையில் கட்டி என்றார்கள். அப்புறம் அது நல்ல கட்டி இல்லை என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிருக்கு ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், பேச்சு இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை அவரே குழுவில் சொன்னார், குக்கர் சத்தத்துக்கு நடுவில், கேஸ் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற குரலில். கடைசியில் சிரிக்கவும் சிரித்தார். ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

நாங்கள் முதிர்ச்சியுள்ளவர்கள் அல்லவா, அவருக்குத் தெரியாமல் தனியாகக் கூடிப் பேசினோம். மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும். பூங்கொத்தா, பழமா? யாரோ ஒருவர் சொன்னார்: அந்த வழக்கை அவருக்கு விட்டுக்கொடுத்துவிடலாமே. பாஸ் செல்லும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு முதலிடத்தை அவருக்குக் கொடுத்துவிடலாம். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். முதலில் கை தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஐயாதான். அரியணையைத் துறக்கும் அரசனைப் போல ஒரு நீளமான பத்தி வேறு எழுதினேன். அதை நானே இரண்டு தடவை வாசித்துக் கண் கலங்கினேன்.

மறுநாள் பட்டியல் மாறியது. வாழ்த்து மேல் வாழ்த்து. கட்கிக்காரரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் பார்த்தால், குழுவை விட்டு வெளியேறியிருந்தார்.

போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த தடவை எடுத்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"எல்லாரும் ஒத்துக்கினீங்களாமே."

"ஆமாங்கண்ணா. நல்லா யோசிச்சுப் பார்த்தா உங்க பக்கந்தான் நியாயமுங்க."

"எத ஒத்துக்கின?"

"என்னங்கண்ணா?"

"நான் இன்னா சொன்னேன்னு திருப்பிச் சொல்லு. அதான நம்ம ரூல்? இத்தினி பேர் எழுதிக்கிறீங்க. இவ ஒவ்வொண்ணா படிச்சா. ஒருத்தன், ஒரே ஒருத்தன், நான் சொன்னத திருப்பிச் சொல்லிட்டு சரின்னு சொல்லிருக்கானா? என் வாதத்த ஒத்துக்கல நீங்க. என் தொண்டைய ஒத்துக்கினீங்க."

நான் வாயைத் திறந்தேன். வழக்கமாக அங்கே ஒரு ஜோக் தயாராக இருக்கும். இல்லை.

"வியாழக்கிழமை அறுக்கிறாங்க" என்றார். "அதுக்குள்ள ஒரு தபா ஒழுங்கா சண்ட போட்டு முடிக்கணும் தம்பி. அப்புறம் யாரு கூட பேசுவேன் நான்? ஜெயிச்சா ஜெயிச்சேன், தோத்தா தோத்தேன். நீயாவது வா. உனக்குத்தான் மேனர்ஸ் கிடையாதே."

ஞாயிற்றுக்கிழமை போனேன். சிவாஜிநகரில் பஸ் மாறும்போது, என் வாதங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பரீட்சைக்குப் போகிற பையன்கூட அப்படிப் படித்திருக்க மாட்டான். ஒரு பயமும் இருந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் தோற்றுக் கொடுத்துவிடுவேனோ என்று.

அவர் மெலிந்திருந்தார். கழுத்தில் மப்ளர். என்னைக் கண்டதும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "முதலிடம் பாத்துக்கோ, தங்கத் தட்டுல வெச்சிக் குடுத்தாங்க" என்றார். அக்கா டீ கொண்டு வந்து வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். உடனே வெட்கமாகிவிட்டது, அந்த வீட்டில் செய்யக்கூடாத காரியம். "நீங்க சொல்றது என்னன்னா" என்று ஆரம்பித்தேன். "பாஸ் பட்டனை வெச்சவன் அந்த ஆட்டத்தைச் செஞ்சவன்தான். அது ஆட்டத்துக்குள்ளயே இருக்குது. இருக்கிற பட்டனை அமுக்குனா எப்படிக் கள்ளாட்டம் ஆகும்? இதைத்தானுங்களே சொல்றீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆமா. இதான்."

"வாசக்கதவு கூட வீட்டுலதாங்கண்ணா இருக்குது. அது வழியா வெளிய போயிட்டு, நான் வீட்டுக்குள்ளயேதான் இருந்தேன்னு சொல்ல முடியுமா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வைப் பார்த்ததும் எனக்கு என் பயம் போய்விட்டது.

"சரி, கேஸ்காரன் வந்து நிக்கிறான். நீ இன்னா பண்ணுவ?"

"படகு பாறைல முட்டட்டும்னு விட்டுட்டுப் போவேன். வந்து முதல்ல இருந்து ஆடுவேன்."

"ஜூட், பொய்யி. உங்க பில்டிங்ல பைப்புல கேஸ் வருது. சிலிண்டர் தூக்கினவனுக்குத்தான் பாஸோட அருமை தெரியும்."

"ஏழையா இருந்தா ரூல் மாறுமாங்க?"

"இவன் பாரு, பாய்ண்ட்டுக்கு வரான்!" என்று அக்காவிடம் சொன்னார். குரல் பாதியில் அறுந்தது. இருமல் வந்தது. அக்கா தண்ணீர்ச் சொம்போடு எழுந்து வந்தார்.

"போதுங்க. கொஞ்சம் நிறுத்திட்டு அப்பால பேசுங்க."

அவர் தண்ணீரைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைக் கை காட்டினார். "நிறுத்தினா செல்லாதுன்றான்டி, இவன்."

மூன்று பேரும் சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் வெகுநேரம் போட்டோம். அவர் குரல் காற்றாகி, காற்றும் குறைந்து, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் அக்காவைத் தீர்ப்புச் சொல்லும்படி சைகை காட்டினார். இத்தனை வருடமாக இருபக்கமும் வாசித்தது அவர்தானே.

அக்கா சொம்பைக் கீழே வைத்தார். "நான் சொன்னா கோச்சிக்கக் கூடாது. அன்னிக்கி கேஸ்காரன் வந்துக்கிறான்னு நான் கூப்ட்டேன் இல்ல? நீங்க பட்டன அமுக்கிட்டு ஒடனே எழுந்துக்கல. கைய ஒதறினீங்க. உள்ளங்கைய லுங்கில தொடச்சீங்க. விரல நீட்டி நெட்டி முறிச்சீங்க. அப்புறம்தான் கேஸ்காரன் கிட்ட போனீங்க. அது ரெஸ்ட்டுங்க. தம்பி சொல்றதுதான் சரி."

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி எனக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார். தோற்ற மனிதரின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. என் போனை வாங்கி, பட்டியலைக் காட்டி, மாற்று என்று சைகை செய்தார்.

பட்டியலை மாற்றச் சொல்லி அன்றே குழுவில் எழுதினேன், நான் முதலிடம், அவர் இரண்டாமிடம். அடேயப்பா. இவ்வளவு நாகரிகமாகத் திட்ட முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. "உங்கள் நகைச்சுவையை நாங்கள் எப்போதும் ரசித்திருக்கிறோம், ஆனால் இந்த நேரத்தில் இது தேவைதானா என்று யோசிக்கலாம்" என்று ஒருவர். ஒருவர் விதிப்படி, "நோயுற்ற நண்பரிடமிருந்து முதலிடத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்கிறீர்கள், இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆமாம், இதைத்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? விளக்கிச் சொல்லும் முன்பே கட்கிக்காரர் மறுபடி குழுவில் சேர்ந்தார். கடைசி வாய்ஸ் மெசேஜ். பெரும்பாலும் மூச்சுதான். "தோத்தேன். நெசமாத்தான் தோத்தேன். எல்லாரும் பொத்திக்கினு இருங்க." அட்மின் அம்மா அந்தச் சொல்லுக்கு எச்சரிக்கை கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

இப்போது அவர் எழுதுகிறார். அவர் சைகையும் உதட்டசைவும் காட்ட, அக்கா தமிழில் தட்டி அனுப்புகிறார். சுத்தமான, பிழையில்லாத தமிழ். "தங்கள் கருத்தை ஏற்க இயலவில்லை." அவர் வாயில் இயலவில்லை என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. எது அவர், எது அக்கா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. குக்கர் சத்தம் இல்லை, ரயில் இல்லை. நான் ஜோக் எழுதினால் மஞ்சள் நிறத்தில் ஒரு சிரிக்கும் உருண்டை முகம் வருகிறது. அதை எல்லோருக்கும்தான் போடுகிறார்கள். என் மேலதிகாரிகூட எனக்கு அதைப் போடுகிறார்.

அதனால், நல்ல ஜோக் ஏதாவது கையில் இருந்தால், குழுவில் எழுதாமல் பஸ் ஏறிவிடுகிறேன். அவர் எதிரே உட்கார்ந்து சொல்கிறேன். அவர் தோள் குலுங்குகிறது. இரண்டு குலுக்கல், மூன்றாவதில் கண் சுருங்கி நீர் கோக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வரும் வரும் என்று என் காது தானாகக் காத்திருக்கிறது. வராத அந்த இடைவெளியில் என்ன செய்வதென்று தெரியாமல் நானே கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவைக்கிறேன். என் ஜோக்குக்கு நானே சிரிக்கிற ஆள் என்று ஏற்கெனவே எனக்குக் கெட்ட பெயர் உண்டு, ஒன்றும் குறைந்துவிடவில்லை.