இரும்பு சேர்த்த கேபிள்

பவ்யாவும் அவள் அப்பா சம்பங்கியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தாங்கள் உருவாக்கிய கேபிளைத் தாங்களே கழற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுரங்கத்து ஊரான ஊரிகத்தில், லைன் என்று சொல்லும் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், அவர்கள் லைனுக்கென்று இருக்கும் ஒரே போர்வெல்லின் அருகில் சம்பங்கி சாக்கு விரித்து உட்கார்ந்து ஜாயிண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து சுவரோரமாக வரும் கேபிளை, கிளாம்ப் கிளாம்பாக விடுவித்து அவள் இழுத்து வந்தாள்.

"நல்லா இழு. கொழந்தைக்குத் தல வாரற மாதிரி இழுக்கற. ஃபேக்டரியில இப்டித்தான் வேலையா?"

"ஃபேக்டரியில மெஷின் இழுக்கும் நைனா."

"அப்ப உன்ன இன்னாத்துக்கு வச்சுக்கினு கீறாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. சுரங்கத்துத் தூசி. மருத்துவர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்ததோடு சரி.

புதிதாகப் போட்டது சாதாரணச் செம்புக் கேபிள். அதில் எந்தப் புதுமையும் இல்லை. எவன் வேண்டுமானாலும் வெட்டி எடுத்துப்போய் விற்கலாம். அது தெரிந்தேதான் போட்டார்கள். பக்கத்து வீட்டு இசபெல்லா மறுபடி இந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். சம்பங்கிக்கு அதைத் தவிர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சுரங்கத்தில் அவர் எலக்ட்ரிகல் செக்‌ஷன். பூமிக்கடியில் பம்புகளுக்கும் இயந்திரங்களுக்கும் போகும் கேபிள் எங்கே அறுந்தாலும், கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் இறங்கிப்போய் ஒட்டுப்போட்டுவிட்டு வருவார். இசபெல்லாவின் கணவர் டென்னிஸ் அவருடைய ஷிஃப்ட் கூட்டாளி. ஒருவர் கம்பியைப் பிடிக்க ஒருவர் முறுக்க, இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தார்கள். இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். டென்னிஸ் நான்கைந்து வருடத்தில் போய்ச் சேர்ந்தார். சம்பங்கி விடியற்காலை ரயிலேறி பெங்களூர் அடுக்குமாடி வீடுகளுக்கு வயரிங் செய்து பவ்யாவைப் படிக்க வைத்தார். அவள் இன்று அதே ரயிலில் போய் ஒரு கேபிள் தொழிற்சாலையில் கண்டக்டர் வடிவமைக்கிறாள். கேபிளுக்குள் இருக்கும் உலோகக் கம்பிக்குத்தான் கண்டக்டர் என்று பெயர். எத்தனை இழை, எவ்வளவு பருமன், எந்தத் திசையில் முறுக்கு என்று முடிவு செய்வது அவள் வேலை.

மூடிய சுரங்கத்திலிருந்து பழைய கேபிளை இழுத்து எரித்துச் செம்பை விற்றவர்களைச் சம்பங்கி ஒருநாளும் திருடர்கள் என்று சொன்னதில்லை.

"கம்பெனிக்காரன் தூசி நம்ம நெஞ்சுல கீது. அவன் செம்பு நம்ம கையில வந்தா இன்னா தப்பு?" என்பார்.

சுரங்கத்துச் செம்பு தீர்ந்தபின் கை வெளியே நீண்டது. தெருவிளக்குக் கேபிள் போனது. பிறகு போர்வெல் கேபிள். லைனில் தண்ணீர் நின்றால் பெண்கள் குடத்தோடு அடுத்த லைனுக்கு நடக்க வேண்டும். அங்கே பேச்சுக் கேட்க வேண்டும். மூன்றாம் முறை கேபிள் போனபோது சம்பங்கி மகளிடம் கேட்டார்.

"செம்போட இரும்ப முறுக்கி வுட்டா, எவன் வாங்குவான்?"

யாரும் வாங்கமாட்டார்கள். இது உலகத்தில் வேறு சிலரும் யோசித்ததுதான் என்று பவ்யா சொன்னாள். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. செய்ய முடியுமா, முடியாதா? முடியும். ஏழு இழையில் மூன்றை எஃகாக மாற்றினால் மின்தடை கூடும். அதற்கு ஒரு அளவு பருமனான கேபிளாகப் போட வேண்டும். வெறும் எஃகு செம்பை ஒட்டியிருந்தால் ஈரத்தில் அரிக்கும். அதனால் எஃகு இழையின்மேல் மெல்லிய செம்பு உறை கொடுத்தாள். வெட்டினால் வெட்டுமுகத்தில் சாம்பல் புள்ளிகள் தெரியும், உற்றுப் பார்த்தால். மற்றபடி ஏழும் செம்பு மாதிரியே இருக்கும். எரித்தாலும் சுலபத்தில் பிரியாது. தொழிற்சாலையில் சோதனைக்காக ஒரு சுருள் ஓட்ட அனுமதி வாங்கினாள்.

சுருள் வந்த அன்று சம்பங்கி அதிலிருந்து ஒரு முழம் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பெருமாளிடம் போனார்.

"இன்னா சம்பங்கி, நீயும் தொழில்ல எறங்கிட்டியா?" என்றார் பெருமாள். "பொண்ணு வேற கூட."

"எடுத்துக்கறியான்னு பாரு."

பெருமாள் தோலைச் சீவிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பழக்கத்தில், கயிற்றில் தொங்கிய ஒலிபெருக்கிக் காந்தத்தை எடுத்து வைத்தார். கம்பி போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்கித் திருப்பி வைத்தார். மறுபடி ஒட்டியது.

"யோவ், இன்னாய்யா இது? பாத்தா செம்பு, வச்சா இரும்பு?"

"எடுத்துக்க மாட்டியா?"

"எடுத்துக்கினு நான் இன்னா பண்ண, கழுத்துல மாட்டிக்கவா? செம்புன்னு அனுப்பினா ஃபவுண்டரிக்காரன் செருப்பால அடிப்பான். எவன்யா இத்த செஞ்சான்?"

"நாங்கதான்."

"உருப்படுவீங்களா நீங்க!"

அந்த வசவைக் கேட்டு அப்பாவின் முகம் பூரித்ததைப் போல, தன் பட்டமளிப்பு அன்றுகூடப் பவ்யா பார்த்ததில்லை.

"இனிமே ஊரிகத்து லைன் கேபிள்னு எவன் வந்தாலும் வாங்க மாட்டேன்னு சொல்லிடு. வர்றவன் கிட்டல்லாம் சொல்லு," என்றார் சம்பங்கி.

"சொல்றேன். நீ உங்க லைன்லயும் ஒரு வார்த்த சொல்லி வச்சுடு."

சம்பங்கியின் சிரிப்பு நின்றது. "எங்க லைன்ல எவன் கீறான் திருடன்?"

திரும்பி வரும்போது பவ்யாவும் கேட்டாள், சொல்லி வைக்கலாமா என்று.

"வூடு வூடா போயி, கேபிள்ல இரும்பு கீது வெட்டாதீங்கன்னு சொன்னா இன்னா அர்த்தம்? நீ வெட்றவன்னு அர்த்தம். டென்னிஸ் பொண்டாட்டி கிட்ட போயி அத்த சொல்ல முடியுமா என்னால?"

அவர் சொன்னது அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. லைனில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். திருடன் எப்போதும் வெளியிலிருந்து வருகிறவன். பக்கத்து வீட்டுக்காரனிடம் எச்சரிக்கை சொல்வது மரியாதை இல்லை. அப்படியாக, திருட்டுச் சரக்கு வாங்குகிற கடைக்குச் செய்தி போயிற்று. சுவர் ஒட்டிய வீட்டுக்குப் போகவில்லை.

கேபிள் வேலை செய்தது. முதல் மாதம் எவனோ ஒரு பக்கம் கீறிப் பார்த்துவிட்டு விட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கோடை முழுக்கத் தண்ணீர் வந்தது. இசபெல்லா குடத்தை வைத்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தா இந்தக் கேபிளுக்குப் பாதிப் பேரு தனக்குன்னு சண்ட போட்டிருப்பாரு, இல்லண்ணா?" என்பாள். "முழுப் பேரும் அவனுக்கே குடுத்துட்டு நான் நிம்மதியா இருந்திருப்பேன்," என்பார் சம்பங்கி.

இசபெல்லாவின் மகன் ரோனி பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். விடியுமுன் ரயிலேறி, இருட்டியபின் வருவான். லைனில் யார் என்ன பேசினாலும் அவன் காதுக்கு வராது. ஆடி மாதம் அந்த வேலை போனது. அவன் வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் கிளம்பி எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தான். பெருமாள் கடையில் அவன் அதுவரை கால் வைத்ததே இல்லை.

போர்வெல் கேபிளை வெட்டுகிறவர்கள் கரண்ட் போகிற நேரம் பார்த்துத்தான் வெட்டுவார்கள். செம்பு என்றால் கட்டர் வைத்து ஒரு அழுத்து. இரண்டு முனையிலும் வெட்டிச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம். ரோனி ஒரு நண்பகலில், கரண்ட் போனதும், கட்டரை வைத்து அழுத்தினான். செம்பு அறுந்தது. எஃகு அறுபடவில்லை. கட்டர் அதில் பல் மாட்டிக்கொண்டு நின்றது. அவன் இழுத்தான், முறுக்கினான், காலால் மிதித்தான். அந்தச் சமயம் கரண்ட் வந்தது. எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் எல்லாருமே மோட்டாரை ஆட்டோ ஸ்விட்சில்தான் போட்டு வைப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். கட்டரின் இரும்பு வாய் மூன்று ஃபேஸையும் ஒன்றாகப் பிடித்திருந்தது. வெடித்த தீயில் ரோனியின் வலது கை வெந்தது. விரல்களில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

பம்பு ஓட எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பெருமாளின் காந்தம் என்ன சொல்லும் என்று பார்த்திருந்தார்கள். எஃகை வெட்டும்வரை ஒரு கை அங்கேயே இருக்கும் என்பதை அப்பாவும் மகளும் யோசிக்கவே இல்லை.

பவ்யா தொழிற்சாலையில் நடந்ததைச் சொன்னாள். மேலதிகாரி முழுவதும் கேட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது. பிறகு சொன்னார்: "அப்போ டிசைன் வேலை செய்யுதுன்னு அர்த்தம்." காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், உங்கள் அப்பா பெயரையும் சேர்க்கலாம் என்றார். அதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது சம்பங்கி கிணற்றுக்குள் விழுந்த எதையோ பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"என் பேரு வாணாம். அது ஓடற எடத்துல எங்கயும் என் பேரு வாணாம்."

போலீசுக்கு யாரும் போகவில்லை. ஆனால் வாய்கள் சும்மா இருக்கவில்லை. "எலிக்குப் பொறி வைப்பாங்க, மனுசப் புள்ளைக்கு வச்ச ஆளு இவருதான்," என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். போன மாதம் வரை அவள்தான் அவரை இன்ஜினியர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெந்த இடத்தில் சம்பங்கி ஒட்டுப்போட்டதும் தண்ணீர் மறுபடி வந்தது. இசபெல்லா இந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தினாள். காலையில் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு, சம்பங்கி வீட்டு வாசலைத் தாண்டி, அடுத்த லைனுக்கு நடந்தாள். முட்டி வலிக்கிற பெண். நிறைந்த குடத்தோடு திரும்பும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். அவள் நிற்பது சரியாக இவர்கள் வீட்டு எதிரில். வேண்டுமென்று அல்ல, மூச்சு அதற்குமேல் தாங்குவதில்லை.

ஒருநாள் சம்பங்கி தாங்காமல் இறங்கிப்போய்க் குடத்தை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"என் புள்ள செஞ்சது தப்புண்ணா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா பெருமாள் கட வரைக்கும் போயி சொன்னீங்களே, இங்க வந்து ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

"உன்னப் போயி எப்டிம்மா…"

"சொல்லியிருந்தா கோச்சுக்கினு இருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதான?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு சம்பங்கி சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரமே பவ்யாவிடம் சாதாரணக் கேபிள் கொண்டுவரச் சொன்னார். திருடுபோகும் என்றாள். "போவட்டும். போனா மறுபடி போடலாம். ஒரு கேபிளுக்காக அந்தப் பொம்பள இடுப்பு ஒடஞ்சு நடக்கணுமா?" என்றார். கேபிளை மாற்றினால் இசபெல்லா வந்துவிடுவாள் என்று அவர் எப்படி நம்பினார் என்பது பவ்யாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. வேறு எதைத் திருத்த அவரால் முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்தது. மோட்டாரைப் போட்டார். குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வந்தன. கையைக் கழுவிக்கொண்டு இசபெல்லா வீட்டுக் கதவைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது.

"போயி சொல்லிட்டு வா நைனா," என்றாள் பவ்யா.

"இருடி. ஓடட்டும்."

சுரங்கத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம். ஒட்டுப்போட்ட கேபிள் ஒரு முழு ஷிஃப்ட் சூடாகாமல் ஓடினால்தான் வேலை முடிந்தது என்று வாயால் சொல்வார்கள். அதற்குமுன் சொன்னவனைக் கேஜில் ஏறும்வரை கேலி செய்வார்கள்.

"இப்ப போயி சொல்லி, அது ஓடாம நின்னுதுன்னா, ரெண்டாந்தரமும் அசிங்கம். நாளைக்குக் காலைல தொட்டுப் பாத்துட்டு நானே போறேன். நீ போவாத. இது நான் சொல்லவேண்டியது."

மறுநாள் விடிவதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது. அம்மா ரத்தினம்மா எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

சாவுக்கு லைன் முழுக்க வந்தது. எலிப்பொறி என்று சொன்னவளும் வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இசபெல்லா வந்தாள். கூட ரோனி, கையில் துணி சுற்றியபடி. இருவரும் ஓரமாக நின்றார்கள். இசபெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். தூக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்கள். மேலதிகாரி தொலைபேசியில் அனுதாபம் சொன்னார். அடுத்த சுருள் எப்போது ஓட்டலாம் என்பதை மட்டும் நாகரிகமாக அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் பவ்யா போர்வெல்லுக்குப் போனாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜாயிண்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடில்லை. நல்ல ஒட்டு. ஒரு ஷிஃப்ட் என்ன, எத்தனையோ ஷிஃப்ட் ஓடிவிட்டது.

இசபெல்லா இரண்டு குடத்தோடு வாசலை விட்டு இறங்கினாள். குழாயைப் பார்க்காமல் அடுத்த லைன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, கேபிள மாத்தினத அவ கிட்ட போயி சொன்னாராடி உங்க நைனா?" என்று ரத்தினம்மா உள்ளிருந்து கேட்டாள்.

"இல்லம்மா. காலைல போறேன்னு சொன்னாரு."