கடைசி எட்டு வினாடி

எங்கள் அறிவிப்பாளருக்கு விழா எடுக்கிறார்கள். வானொலிக்கு வந்து இருபது வருடமாம். பண்டாரவளையில் மேடை, பொன்னாடை, பாட்டுக் கச்சேரி; சிறப்பு மலர் வேறு போடுகிறார்களாம். “ஆறு வருஷம் அவரோட கலையகத்துல இருந்தவங்க நீங்க, ஒரு பக்கம் எழுதித் தாங்க” என்று போனில் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுதினால் மலரில் போடுகிற மாதிரி ஒரு வரியும் வரவில்லை. வந்ததை இங்கே எழுதுகிறேன். பெயர்கள் இருக்காது, இருந்தால் ஒருவருக்கு நான் செய்து கொடுத்த சத்தியம் கெட்டுப்போகும்.

குரல் நல்ல குரல், அதில் குறை சொல்ல மாட்டேன். காலை ஆறு மணிக்கு அவர் வணக்கம் சொன்னால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நமுனுகுல தோட்டத்து லயத்திலும் ஒரே நேரத்தில் அடுப்பு எரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் பாட்டைப் பற்றி மருந்துக்குக்கூட ஒன்றும் தெரியாது. யார் எழுதியது, யார் இசையமைத்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி நான் நீட்டுவேன். அதைப் பார்த்து, அந்தக் கவிஞரோடு நேற்றுத்தான் ஒரே தட்டில் சாப்பிட்டவரைப் போல உருகுவார். பாட்டு ஓடத் தொடங்கியதும் போனை எடுத்துக் கிரிக்கெட் பார்ப்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

‘மலையகத்தின் செல்லப்பிள்ளை’ என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். பிறந்தது பதுளை டவுனில், கடைத்தெருவில், மாடி வீட்டில். தேயிலை மலையை அவர் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக. ஒரு அட்டைகூடக் கடித்திராத கால். அப்படிப்பட்டவர் மைக்கைத் திறந்தால் “நம்ம சனம், நம்ம லயம்” என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார். மூடினால், “இந்தத் தோட்டத்து ஆளுங்க போனை எடுத்தா வைக்க மாட்டாங்க, சீக்கிரம் கட் பண்ணு தங்கச்சி” என்பார். பக்கத்தில் இருக்கும் நானும் தோட்டத்து ஆள்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வார். நானும் கட் பண்ணுவேன்.

நான் நமுனுகுல லயத்துப் பிள்ளை, தோட்டத்து ஒற்றை அறை வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்து வளர்த்தாள். ஏ.எல். பரீட்சை முடித்துக் கொழும்புக்கு வந்து, வாயில் வரும் ஊர்ப் பேச்சை முழுங்கி முழுங்கி இந்த வேலையைப் பிடித்தேன். நேயர் அழைப்புகளை எடுப்பது, சீட்டு எழுதுவது, ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவது. அவர் பெயர் நாடு முழுக்கக் கேட்டது. என் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது.

காலை நிகழ்ச்சிக்கு நேயர் குறைகிறார்கள் என்று மேலிடம் முணுமுணுத்தபோது அவர் கொண்டுவந்ததுதான் விளையாட்டு அழைப்பு. யாரையாவது போனில் கூப்பிட்டுப் பொய் சொல்லி, பதற வைத்து, கடைசியில் “ஏமாந்துட்டீங்க!” என்று சிரிப்பது. கொழும்பில் கூப்பிட்டால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துத் திட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியார் பொலிஸுக்குப் போவேன் என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தோட்டங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தோம்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் ஒருவர் தன் அம்மாவின் நம்பரை அனுப்பியிருந்தார். அம்மா மடுல்சீமையில் லயத்தில் தனியாக இருக்கிறார், இன்னும் கொழுந்தெடுக்கிறார், புது வீட்டுப் பட்டியலில் எப்போது பெயர் வரும் என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அம்மாவின் குரலை ரேடியோவில் கேட்கத் தனக்கு ஆசை என்று எழுதியிருந்தார். குவிந்து கிடந்த நம்பர்களில் அதைத் தெரிந்தெடுத்தவள் நான். “வீடு வந்திருக்குன்னு சொல்லுங்க அண்ணா, நம்புவாங்க. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் மாதிரி பேசுங்க. மரியாதையா பேசினா சந்தேகப்படுவாங்க, நீ வா போன்னே பேசுங்க” என்று எழுதிக் கொடுத்தவளும் நான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் அம்பு இல்லை, வில்லுக்கு நாண் கட்டிக் கொடுத்தவள்.

ஒரு திங்கட்கிழமை சாயந்தரம் ஒலிப்பதிவு செய்தோம். ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று அவர் சொன்னதும், “இருங்கய்யா, ஏந்திரிச்சிக்கிறேன்” என்றது அந்தக் குரல். பலகை நகரும் சத்தம் கேட்டது. போனில் பேசுவதற்கு ஒரு மனுஷி எழுந்து நிற்கிறாள். எங்கள் அறிவிப்பாளர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஒனக்குப் புது வீடு வந்திருக்கு. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு முந்தி சாமானெல்லாம் கட்டிக்கிட்டு கிரவுண்டுக்கு வந்துரு. லொறி வரும்.”

“நெசமாங்கய்யா?” என்றார்.

“பொய் சொல்லவா ஆபீஸ்லருந்து கூப்புடுறேன்?”

“இல்லீங்க, இல்லீங்கய்யா. அந்த வீடு மழைக்கு ஒழுகாதுங்களாய்யா?”

அந்த இடத்தில் லைன் அறுந்தது. மடுல்சீமையில் சிக்னல் அப்படித்தான். மூன்று தடவை திருப்பிக் கூப்பிட்டோம், கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்லாமல் நிற்கிறதே என்றேன். அவர் மணியைப் பார்த்தார். ஏதோ கடைத் திறப்புக்கு நாடா வெட்டப் போக வேண்டியிருந்தது.

“மழைக்கு ஒழுகாதான்னு கேட்டிச்சே, இதைவிட நல்லதா ஒன்னு கெடைக்குமா? முடிவு மட்டும்தானே இல்ல. நீயே அந்தம்மா மாதிரி பேசி முடிச்சு விடு தங்கச்சி. ஒனக்குத்தான் அந்தப் பேச்சு வருமே.”

மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்தேன். “ஐயையோ தம்பி, என்னைய ஏமாத்திப்புட்டீங்களே!” என்று சொல்லிச் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டி, விட்டு விட்டு வருகிற எங்கள் லயத்துப் பெண்களின் சிரிப்பு. கொழும்புக்கு வந்த பிறகு நான் சிரிக்காத சிரிப்பு. முதல் தடவையே சரியாக வந்தது. மொத்தம் எட்டு வினாடி. போனில் கேட்கிற மாதிரி குரலை மெலிதாக்கி, அறுந்த இடத்தில் ஒட்டினேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை ஒலிபரப்பானது. மத்தியானத்துக்குள் போனுக்குப் போன் பறந்தது. “மழைக்கு ஒழுகாதுங்களாய்யா” என்று ஊரே பேசிச் சிரித்தது. அவர் போகிற மேடையிலெல்லாம் அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அதற்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். வாங்கும்போது “இது என் மலையகத் தாய்மாருக்கு” என்று கண்கலங்கினார். விளம்பர மெட்டுப் போல, பொத்தானை அழுத்தினால் அவருக்குக் கண்ணீரும் வரும்.

இரண்டு வாரம் கழித்து மகன் பேசினார். “அம்மா சிரிச்சதக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோசம் அக்கா. ஆனா அதுக்கப்புறம் எங்கூட சரியாவே பேச மாட்டேங்குது. செவ்வாக்கெழம காலையில சாமானெல்லாம் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குப் போச்சாமே, ஏன் அக்கா?” விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அறிவிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். “ஐயோ பாவம்” என்றார். மூச்சு விடுவதற்குள், “லொறி வரலைன்னு அதையே ரெண்டாம் பாகமா போட்டா என்ன?” என்றும் கேட்டார். அந்த முகத்தில் துப்பியிருக்க வேண்டும். லீவு மட்டும் கேட்டேன்.

பதுளையில் பஸ் ஏறி, மடுல்சீமையில் இறங்கி, அதற்கு மேல் கல் பாதையில் நடந்தேன். அந்த அம்மா அப்போதுதான் மலையிலிருந்து திரும்பியிருந்தார். கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரேடியோவிலிருந்து வருகிறேன் என்றதும் ஒரே ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க மிஸ்” என்றார். மூலையில் ஒரு மூட்டை இன்னும் கட்டியபடியே கிடந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். யோசனை என்னுடையது என்று சொன்னேன். லைன் அறுந்ததையும், சிரித்தது நான் என்பதையும் சொன்னேன். அறிவிப்பாளரை ரேடியோவிலேயே மன்னிப்புக் கேட்க வைக்கிறேன், இல்லாவிட்டால் உண்மையை நானே எல்லோருக்கும் சொல்கிறேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வந்திருந்தேன் போலிருக்கிறது.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசுங்க மிஸ், பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கிரவுண்டுல உக்காந்திருந்தேன். மழ. வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்கு வந்த சனமெல்லாம் பாத்துச்சு. கங்காணி வந்து, ‘ஒனக்கு என்னா புத்தி கெட்டுப்போச்சா’ன்னு கேட்டாரு. ரெண்டு நாளு நான் யாரு மூஞ்சியிலயும் முழிக்கல. அப்புறம் ரேடியோவுல வருது. எங்கொரலு. கடைசியில நான் சிரிக்கிறேன். நான் எங்க சிரிச்சேன்? ஆனா லயத்துல எல்லாம் ஓடியாந்து, ‘அப்ப ஒனக்கு முன்னாலயே தெரியுமா? எங்கள ஏமாத்திப் பேக்காட்டத்தான் சாமானத் தூக்கிக்கிட்டுப் போனியா?’ன்னு கேட்டாளுக. ஆமான்னுட்டேன். எமகாதகி அவன்னு சொல்லிச் சொல்லி இப்ப சிரிக்கிறாளுக. பெத்த மகனுக்குக்கூட நான் சொல்லல. மன்னிப்புக் கின்னிப்புன்னு நீங்க கெளம்பி, அதையும் கெடுத்துப்புடாதீங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். சத்தியம் செய்தேன்.

“நீங்க எந்தப் பக்கம்?” என்றார்.

“நமுனுகுலங்க. லயந்தான்.”

“அதான் அந்தச் சிரிப்பு வருது” என்றார். அதற்குப் பிறகு என்னை மிஸ் என்று அழைக்கவில்லை. “அப்ப ஒன்னு செய்யி புள்ள. அத ஒருக்கா எனக்குச் சிரிச்சுக் காட்டு. மலையில தெனமும் கேக்குறாளுக, ரேடியோவுல சிரிச்ச மாதிரி சிரியேன்னு. பல்லு வலின்னு சொல்லிச் சமாளிக்கிறேன். எனக்கு அது வர மாட்டேங்குது.”

நான் சிரித்துக் காட்டினேன். அவர் கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தானும் சிரித்துப் பார்த்தார். சரியாக வரவில்லை.

“இன்னொருக்கா” என்றார்.