குங்குமம் பட்ட மழை: காஜா பெராங்கிலிருந்து கிளேபாங் வரை

நம் கையெழுத்துப் பத்திரிகையில் இதைச் சேர்க்கிறவர் யாராக இருந்தாலும், தயவு செய்து என் பெயரைப் போட வேண்டாம். வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து கிளேபாங் கடற்கரைக்கு மழை பிடிக்கப் போகிறவர்கள் உங்களில் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். முதலில் போய் வந்தவள் நான். வழி, செலவு, செய்த தவறு எல்லாவற்றையும் எழுதி வைத்தால் உங்களுக்கு உதவும். அப்பா விழித்துவிடக் கூடாது என்று விளக்கின் திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் காஜா பெராங்கில் பெய்யாத மழையா என்று கேட்பீர்கள். என் அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மனோன்மணி மிஸ் நம் பள்ளிக்கு முதல் தடவை வந்தபோது ஒரு போத்தலைக் காட்டினார், நினைவிருக்கிறதா? தென் துருவத்துப் பனி என்றதும் எல்லோரும் முண்டியடித்தோம். பார்த்தால் வெறும் தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் காட்டி ஏமாற்றுகிறார் என்று பின் வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். பனிக்கட்டியாகவே பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். மிஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சு அப்படித்தான் இருக்கும்.

“எனக்கு வந்து சேரேக்குள்ளை அது தண்ணிதான், பிள்ளை. அங்கை போற கப்பலிலை பொம்பிளையளை ஏத்திறேல்லை.”

அன்று வராதவர்களுக்காக அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துருவத்தில் விழுகிற பனி உருகுவதில்லை. இந்த ஆண்டுப் பனிக்குக் கீழே போன ஆண்டுப் பனி, அதற்குக் கீழே அதற்கு முந்தையது. விழும்போது காற்றில் என்ன இருந்ததோ அதையும் சேர்த்துப் புதைத்துக்கொள்கிறது: கடல் உப்பு, பாலைவனத்துத் தூசி, எரிமலைச் சாம்பல், கொஞ்சம் ஈயம். கொஞ்சம் என்றால் நாம் நினைக்கிற கொஞ்சம் இல்லை. கோயில் குளத்தில் ஓர் உப்புக்கல்லைப் போட்டுக் கலக்கிவிட்டு அதைத் தேடுவது போல. உலகத்து மோட்டார் வண்டிகளின் புகை அங்கே வரை போகிறதா என்று அவர்களுக்குச் சந்தேகம். இன்னும் நிரூபிக்கவில்லை.

இருக்கிற ஈயத்தைக் கண்டுபிடிப்பதை விட நம்முடைய ஈயத்தை அதில் சேர்க்காமல் இருப்பதுதான் கடினமாம். அதனால் கூடாரத்தை விட்டு வெகு தூரம், காற்று வருகிற திசையில் நடந்து போய்த்தான் பனியை வெட்டுகிறார்கள். போத்தலை அமிலத்தில் ஊறவைத்து, வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் வைத்துக் கட்டுகிறார்கள். வாயை யாரும் தொடக் கூடாது. அதே விதிப்படி வெப்ப நாட்டு மழையையும் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மிஸ். விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வரும் மழைதான் அவருக்குத் தேவை. வழியில் வண்டியும் இல்லை, புகையும் இல்லை. போன வாரம் சில நாள் தங்க இரண்டாம் தடவை வந்தவர் எனக்கு உறைகளில் கட்டிய ஒரு போத்தலையும் கையுறையும் கொடுத்தார்.

வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பயணத்தின் மிக நீளமான பகுதி. அப்பா ரப்பர் லாரி ஓட்டுகிறார். வயதுக்கு வந்த பெண் விடியற்காலையில் கடற்கரைக்கா என்றார். இந்த ஆண்டு மூன்றாம் படிவத்தோடு என் படிப்பை நிறுத்துவது பற்றி ஏற்கெனவே பேச்சு இருந்தது. அம்மாதான் எனக்காகப் பேசினார். சரஸ்வதி பூசை வருகிறது, போத்தலையும் புத்தகங்களோடு சாமி முன்னால் வைப்போம், விஜயதசமி அன்று எடுத்துக்கொண்டு போனால் எல்லாம் நல்லபடி நடக்கும், துணைக்குப் பக்கத்து வீட்டு அத்தை, நாங்கள் மலாயில் மாச்சிக் என்று கூப்பிடுகிறவர், போவார் என்று சொன்னார். போத்தலில் எதுவும் படக் கூடாது, அழுக்காகிவிடும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “குங்குமத்தை அழுக்குன்னு சொல்லிக் குடுக்கிற படிப்புன்னா, அது இந்த வீட்டுக்கு வேணாம்.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும். உறையைப் பிரிக்காமல் வைக்கலாம் என்று நானும் அம்மாவும் பேசி முடித்தோம்.

விஜயதசமி அன்று காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். மாச்சிக் கம்போங் செட்டியில், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசத் தொடங்கிய செட்டிகளின் கிராமத்தில், பிறந்தவர். நம்மைப் போலவே திருநீறு பூசுவார், மாரியம்மனைக் கும்பிடுவார், தமிழ் மட்டும் வராது. சாமி, குங்குமம், அக்கா என்று பத்துப் பதினைந்து சொல். மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். சின்சாலோக் என்கிற இறால் ஊறுகாய் போடுவதற்குப் பொடி இறால் வாங்க வாரம் ஒரு முறை கிளேபாங் போகிறவர், அதனால் வழி அத்துப்படி. எங்கள் வீட்டிலிருந்து தெங்கேரா சாலைக்குப் பதினைந்து நிமிட நடை. அங்கே தஞ்சோங் கிளிங் போகும் பஸ்ஸை நிறுத்தி ஏற வேண்டும். கிளேபாங்குக்கு மூன்று மைல் இருக்கும், ஆளுக்குப் பதினைந்து காசு. என்னிடம் மூங்கில் கழியும் பையும் இருந்ததைப் பார்த்த கண்டக்டர் மீன் பிடிக்கவா என்று கேட்டார். மழை பிடிக்க என்றேன்.

“அப்ப திரும்பி வரும்போது மழைக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும், பாப்பா.”

மாச்சிக்குக்கு நான் மலாயில் சொன்னதும், அரைப் போத்தல் மழைக்கு அரை டிக்கெட் போதும் என்று சொல்லச் சொன்னார்.

வலப்பக்கம் தென்னந்தோப்பு, இடப்பக்கம் வீடுகளுக்கு இடையே அவ்வப்போது கடல். இறால் விற்கும் குடிசைகளுக்கு முன்பே இறங்கிவிடுங்கள். அங்கே அடுப்புப் புகை அதிகம். மணலில் மேற்கே பார்த்து நடந்தால் ஒரு பழைய படகுத் துறை வரும், அதன் முனைதான் நல்ல இடம். கடல் ஈய நிறத்தில் இருந்தது. தூரத்தில் மழை ஒரு திரை போல நின்றுகொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருகில் வந்தது. இவ்வளவு அமைதியான காலையை நான் காஜா பெராங்கில் கண்டதில்லை. துருவத்தில் கூடாரத்தை விட்டு நடந்து போகிறவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். பயம்கூட சற்று நேரம் இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு வெளி உறையைப் பிரித்தேன். முடிச்சு மிஸ் போட்ட முடிச்சு இல்லை. உள் உறையைப் பிரித்தேன். மூடியின் நடுவில் சந்தனம், அதன் மேல் வட்டமாகக் குங்குமம். உறைக்குப் பொட்டு வைத்தால் போத்தலுக்குப் போய்ச் சேருமா என்று அம்மா நினைத்திருப்பார். எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று விடியுமுன் எழுந்து இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, வைத்துவிட்டு, மறுபடி கட்டியிருக்கிறார்.

முதல் துளி கையில் விழுந்தது. மாச்சிக் எட்டிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, எங்கள் ஆட்கள் படகுக்குக்கூட வைப்போம் என்றார். எனக்கு யோசிக்க நேரமில்லை. பாவாடை நுனியால் மூடியைத் துடைத்தேன், திறந்தேன், போத்தலைக் கழியின் முனையில் கட்டிக் காற்றுக்கு எதிரே நீட்டினேன். இரண்டு விரற்கடை நிறையும் வரை கை வலிக்க நின்றேன். மாச்சிக் பாசத்தில் என் தலைக்கு மேல் குடை பிடிக்க வந்தார். குடையின் சொட்டு போத்தலில் விழும் என்று கெஞ்சி விலக்கினேன். பைத்தியக்காரப் பிள்ளை என்றார். இருவரும் தொப்பலாக நனைந்து எட்டரை மணி பஸ்ஸில் திரும்பினோம்.

மறுநாள் நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மிஸ்ஸிடம் போத்தலைக் கொடுக்கும்போது, துடைத்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, முடிச்சை மட்டும். சொல்லிவிட்டேன்.

“எதாலை துடைச்சனீர்?”

“பாவாடையால், மிஸ்.”

“அப்ப பாவாடையும் சேந்திட்டுது” என்று சிரித்தார். பிறகு, கொட்ட வேண்டாம், ஆனால் கணக்கில் சேர்க்க முடியாது என்றார். துருவத்தில் முதலில் வெட்டிய பனியில் அவர்களுடைய அடுப்புக் கரியே வந்ததாம், அதையும் கொட்டவில்லையாம். அந்தக் குங்குமத்தில் ஒரு சிட்டிகை கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். குங்குமப் பெட்டியில் கை வைத்ததும் அம்மா பார்த்துவிட்டார். மிஸ் கேட்டார் என்று மட்டும் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது?

“பாத்தியா, எவ்வளவு படிச்சிருந்தாலும் கேட்டு வாங்குறாங்க. சிட்டிகை என்னா சிட்டிகை, பொட்டலத்தையே குடு.”

அதே கடையில் வாங்கிய புதுப் பொட்டலம் ஒன்று, வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், எல்லாம் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார், அப்படியே பள்ளிக்கு எடுத்துப் போனேன். அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நாலாம் படிவத்துக்கு என்ன செலவாகும் என்று விசாரித்து வைக்கச் சொன்னார். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் சோதனை முடிந்திருந்தது.

மிஸ்ஸிடம் பச்சை நிறத் திரவம் ஒன்று இருக்கிறது. ஈயம் இருந்தால் சிவப்பாகும். முதலில் துருவத்துப் பனி நீரைச் சேர்த்துக் குலுக்கினார். பச்சை பச்சையாகவே இருந்தது. அதில் ஈயமே இல்லை என்று அர்த்தம் இல்லையாம், இந்த வழியில் பார்க்க முடியாத அளவு குறைவு என்றுதான் அர்த்தமாம். பிறகு குங்குமத்தை அமிலத்தில் கரைத்து வடிகட்டினார். பொடியின் நிறம் வடிதாளில் தங்கியது. கீழே வந்த தெளிந்த நீரைத்தான் சேர்த்தார். குலுக்கியதும் பச்சை முழுக்கச் சிவந்தது. என் மழை இரண்டுக்கும் நடுவில், மங்கலாக.

உண்மையான குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது, இதில் நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றார் மிஸ். கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“உம்மடை அம்மா இதை ஒவ்வொரு நாளும் வைக்கிறவவோ?”

“ஆமாம் மிஸ். வகிட்டிலும்.”

ஈயம் உடம்புக்குள் போனால் எளிதில் வெளியே வருவதில்லை, பனியைப் போல அடுக்கிக்கொண்டே போகும் என்றார். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் தானாக இருந்தால் வைக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவர் அடுத்த நாள் சிங்கப்பூர் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்தச் சிவப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

அம்மா தினமும் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். சொன்னால், குங்குமம் விஷம் என்று சொல்லிக் கொடுத்த படிப்பு அன்றோடு நிற்கும். சொல்லாவிட்டால் அம்மாவின் நெற்றியில் அது இருக்கும்.

மாச்சிக் வீட்டில் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு இருந்தது. மஞ்சளும் இருந்தது. அவர்கள் குடும்பத்தில் கோயிலுக்கு எப்போதும் வீட்டிலேயே செய்வார்களாம், கடைப் பொடி யாருக்கு வேண்டும் என்றார். மஞ்சள் பொடியில் சுண்ணாம்பைக் குழைத்ததும் கண் முன்னால் சிவந்தது. இரண்டு நாள் நிழலில் காயவைத்து, நுணுக்கி, துணியில் சலித்தோம். எதற்கென்று அவர் கேட்கவில்லை. அம்மா மேல் இவ்வளவு பாசமா என்று மட்டும் கேலி செய்தார்.

இனி நீங்கள் போகும்போது கவனிக்க வேண்டியவை. ஆறு மணிக்கு முன்பே தெங்கேரா சாலையில் நில்லுங்கள். அடுத்த பஸ்ஸுக்கு மழை முடிந்துவிடும். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். போக வர முப்பது காசு போதும், இறால் குடிசையில் கோப்பி குடித்தால் இன்னும் பத்துக் காசு. வளையல், முகப்பவுடர், பூ எதுவும் வேண்டாம். பொட்டும் வேண்டாம். பொட்டில்லாமல் கிளம்புவதற்கு வீட்டில் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் முடிச்சைப் பாருங்கள். உங்கள் முடிச்சாக இல்லாவிட்டால் போத்தலைத் திறக்காமல் திரும்பி வந்து சொல்லிவிடுங்கள். துடைக்காதீர்கள். துடைத்தால் போகாது என்பதைத்தான் நான் முப்பது காசு செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

சற்று முன் அம்மாவின் பெட்டியிலிருந்த குங்குமத்தை எடுத்துவிட்டு, நாங்கள் செய்ததை நிரப்பினேன். எவ்வளவு சலித்தும் நிறம் ஒன்றாக வரவில்லை. இது கொஞ்சம் மங்கல், செங்கல் போல. அம்மாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், கேட்பார். கேட்டால் படகுத் துறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்வதென்று இருக்கிறேன், அப்பா காதில் விழுந்தாலும்.

பழைய குங்குமத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. இரண்டு உறைகளில் கட்டி என் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறேன். அம்மா ஐந்தரைக்கு எழுவார்.