பேக்ஸ் அக்கா அறுத்த வயர்

அந்தத் தெருவில் பேக்ஸ் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. புருஷன் கை நீட்டிய அன்றே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்தவள் அவள். வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். கம்பெனியை இழுத்து மூடியபோது, கழித்துப் போட்ட பேக்ஸ் மெஷினைத் தூக்கி வந்து, தன் பெயரில் ஒரு லைன் வாங்கி, வீட்டு முன்னறையில் கடை போட்டாள். அப்பா அவளுக்கும் அண்ணனுக்குமாக விட்டுப் போன வீடு அது. அண்ணன் வாயில் மட்டும் அது எப்போதும் 'என் வீடு'தான்.

"என்னக்கா, மெஷின் இந்தக் கத்து கத்துது?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அதுக்குப் பேரு ஹேண்ட்ஷேக். நீ யாரு, எவ்வளவு வேகமா பேசுவ, நான் சொன்னா புரியுமான்னு ரெண்டு மெஷினும் விசாரிச்சுக்குது. அப்புறம்தான் தாளை அனுப்பும். மனுஷங்க மாதிரி எடுத்த எடுப்புல சண்டைக்குப் போகாது."

கொஞ்ச காலமாகத்தான் மெஷினுக்குப் பீடை பிடித்திருந்தது. பாதிப் பக்கம் போகும், செத்துவிடும். 'எரர்' என்று ஒரு துண்டுச் சீட்டு வெளியே வரும். மெக்கானிக் வந்து கழற்றினான், துடைத்தான், மாட்டினான், ஒன்றும் ஆகவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றார் அண்ணன். "அதுக்கப்புறமும் இந்த டப்பா மக்கர் பண்ணுச்சுன்னா தூக்கித் தெருவுல வச்சிடுவேன். எனக்கு வண்டி நிறுத்த இடம் வேணும்."

வண்டி நிறுத்தவாம்! இந்தக் கடையும் போனால் காலம் முழுக்க அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் சோறு தின்ன வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. லாரி டிரைவர் ஒருவர் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். வெளியூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கிளம்புவதற்குள் அனுப்பியாக வேண்டும். போட்டாள். முதல் பக்கம் போனது, இரண்டாவது அறுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அறுந்தது. டிரைவரின் முகம் செத்துவிட்டது.

நல்லவேளை, அன்று உள்ளே டிவி ஓடவில்லை. அதனால்தான் அந்தக் குரல் காதில் விழுந்தது.

"ஹலோ! ஹலோ! யாருப்பா அது?"

உள்ளே ஓடினாள். அண்ணன் உள்ளறை போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது பேரலல், அவள் லைனிலிருந்தே இழுத்த இன்னொரு போன். நம் கூட்டுக் குடும்பம் மாதிரிதான்: ஒருவர் பேசும்போது இன்னொருவர் எடுத்தால் இரண்டும் கெட்டது.

"என்னண்ணே பண்றே?"

"லைன் ஃப்ரீயான்னு பார்த்தேன். எப்ப எடுத்தாலும் கீன்னு கத்துது. ஹலோ சொன்னா நிறுத்துமான்னு பார்த்தேன்."

"எப்ப எடுத்தாலுமா? அடப்பாவி! நீ எடுத்தா அங்க பேக்ஸ் அறுந்துடும்ண்ணே!"

"ஏன் குதிக்கிறே? நான் என்ன பேசவா செஞ்சேன்? சும்மா எடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதானே!"

அவள் கடைக்கு வந்து, பேப்பர் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். சுவரோரம் உள்ளே ஓடிய வயரைப் பிடித்து, நறுக்கென்று ஒரே வெட்டு.

மூன்றாம் முறை போட்டாள். மெஷின்கள் விசாரித்துக்கொண்டன. எல்லாப் பக்கமும் போனது. 'ஓகே' சீட்டைக் கிழித்து நீட்டினாள். டிரைவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். வாசலில் இன்னும் இரண்டு பேர் தாளும் கையுமாக நின்றார்கள்.

அண்ணன் தடதடவென்று வந்தார். "உள்ள போன் செத்துப்போச்சு!"

"சாகல. நான்தான் அறுத்தேன்."

"யாரைக் கேட்டு?"

"லைன் யார் பேர்ல இருக்கோ, அவளைக் கேட்டேன். சரின்னு சொன்னா."

"இது என் வீடு…"

"பாதி வீடு. இந்தப் பாதியில மெஷின் இருக்கும். உன் வண்டி வெயில்லயே காயட்டும்."

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் மெஷினோடு இருந்த போன் மணி அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஆமா, இருக்காரு. குடுக்கறேன்." ரிசீவரைக் கவுண்டரில் வைத்தாள். "உன் சீட்டாட்டக் கூட்டாளிதான். அந்தப் பக்கம் போய் நின்னு பேசுண்ணே."

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு கவுண்டரைச் சுற்றி வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் நின்று ரிசீவரை எடுத்தார்.

"சுருக்கா முடி" என்றாள் அவள். "ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."