நீலமாகிப் போன நத்தைக் குப்பிகள்

ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கும் அவளைக் 'குப்பியக்கா' என்றால்தான் யாருக்கும் தெரியும். நடுக்கடல் தீவுகளிலிருந்து வரும் நண்டும் நத்தையும் புழுவும் ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குப்பிகளில் அவள் பொறுப்பில் இருந்தன. அவளோ கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பிள்ளையில்லாத குறையைத் தீர்த்தவை அந்தக் குப்பிகள்தான் என்று நான் எழுதினால் மிகை என்பீர்கள். அவள் வாயால் சொன்னது அது.

அங்கே நத்தை மேடம் என்று ஒரு விஞ்ஞானி. பதினோரு வருடங்கள் ஒரே ஒரு தொலைதூரத் தீவுக்காக உழைத்தவர். அந்தத் தீவில் நான்கு பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றிலும் வேறு வகை நத்தை. எது எந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தது என்பதே அவருடைய ஆராய்ச்சியின் உயிர். அந்த விவரம் ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சீட்டில், பென்சிலில் இருந்தது; வேறு நகல் கிடையாது. பிறகு கப்பலோடு வந்த எலிகள் தீவில் பெருகி நத்தைகளைத் தின்று தீர்த்துவிட்டன. மறுபடி போய் எடுத்துவர ஒன்றும் மிச்சமில்லை.

மேடத்துக்குக் கண்ணில் புரை. மங்கிய பென்சில் எழுத்தைப் படிக்க அவர் ஜன்னலோரம் நின்று திண்டாடுவதைப் பார்க்கக் குப்பியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கண் அறுவைக்காக மேடம் லீவில் போன அன்று, அந்தத் தீவு நத்தைகள் இருந்த முப்பத்தெட்டு குப்பிகளையும் திறந்து, நீலப் பேனாவால் கொட்டை எழுத்தில் சீட்டு எழுதிப் போட்டாள். பழைய சீட்டுகளைக் கிழித்தாள். ஸ்பிரிட்டில் மை நிற்காது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவளே அவள்தான். ஆனால் அழியாத மை என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள், அழியவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்துப் பார்க்க அந்த நேரம் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து அலமாரியைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு குப்பியும் நீலம். சீட்டுகள் வெள்ளை வெளேரென்று மிதந்தன.

வீட்டில் சோறு இறங்கவில்லை. தையல் மெஷின் பழுது பார்க்கும் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மேடம் வந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சொல்லிவிடு, மறைத்தால் ஊசி உடைந்தது தெரியாமல் தைக்கிற கதையாகிவிடும் என்றார்.

சொன்னாள். கறுப்புக் கண்ணாடியோடு வந்த மேடம் திட்டவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "எனக்காகத்தான பண்ணீங்க," என்றவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

நத்தைகளாவது கெடாமல் இருக்கட்டும் என்று அவள் நீல ஸ்பிரிட்டை வடித்துப் புதிதாக ஊற்ற ஆரம்பித்தாள். அழுகையோடுதான் வடித்தாள். ஏழாவது குப்பியில் கை நின்றது. நத்தைகளோடு ஒரு நார்த் துண்டு. அதில் இரண்டு முடிச்சு. முந்தின குப்பியிலும் நார் இருந்தது, அதில் மூன்று. மற்றதையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் நார். ஒன்றிலிருந்து நான்கு வரை முடிச்சு. நான்கைத் தாண்டவேயில்லை.

"மேடம், இந்த நாரை யார் போட்டது?"

"இலையோட வந்த குப்பைன்னு நெனச்சேன்."

"குப்பை இப்படி ஒழுங்கா முடிச்சுப் போட்டுக்குமா மேடம்?"

தீவின் வானிலை நிலையத்துக்கு வாரம் ஒருமுறைதான் ரேடியோவில் பேச முடியும். நான்கு நாள் காத்திருந்தார்கள். காட்டில் மேடத்துக்குத் துணையாக வந்த மீனவப் பெண்ணை அழைத்து வரச் சொன்னார்கள். அங்கிருந்த நர்ஸ் அவள் பேச்சை மொழிபெயர்த்தாள். தீவு ஜனங்கள் மீனைப் பங்கு போடும்போது எந்தத் துறையில் பிடித்தது என்று காட்ட நாரில் முடிச்சுப் போடுவார்களாம். உதயத் திசையிலிருந்து முதல், இரண்டாவது என்று எண்ணிக்கை. நத்தைக்கும் பள்ளத்தாக்கை எண்ணி அப்படியே போட்டாளாம். மேடம் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம். காகிதத்தை நம்பிக் கடல் கடந்து போகிறவர்களை முதல்முறையாகப் பார்ப்பதாகவும் சொல்லிச் சிரித்தாளாம்.

ஆனாலும் மேடம் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. மஞ்சள் வரிபோட்ட நத்தையை அவர் மறக்கவே முடியாது. அதை எடுக்கப் போய், கிழக்கிலிருந்து நான்காவது பள்ளத்தாக்கில் கால் எலும்பை முறித்துக்கொண்டவர். அந்தக் குப்பியிலிருந்த நார்த் துண்டை இடுக்கியால் தூக்கி, புதுக் கண்ணால் எண்ணினார்.

"நாலுங்க," என்றார்.

இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்த வாட்ச்மேன் யாரோ செத்துவிட்டார்கள் என்று தொப்பியைக் கழற்றினாராம்.

அன்று அழுது வீங்கிய முகத்தோடு வந்த மனைவியைக் கண்டு கணவர் மெஷினை நிறுத்தினார்.

"வேலை போச்சா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்னத்துக்கு அழற?"

"எதுவும் போகலைங்க. அதான்."

அவர் அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்து வைத்தார். பல நாட்களுக்குப் பிறகு அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.